கரைமேல் ஒரு குழுச் சவாரி: ரிச்மண்டா, பவுண்டரி பேயா, பிட் மெடோஸா?

கனடாவின் வான்கூவர் என்றால் மலைகள்தாம் முதலில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நகருக்குத் தெற்கே, ஃபிரேசர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், ஏற்ற இறக்கமே இல்லாத பெருநிலம் ஒன்று விரிந்து கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண் அது. ஆறும் கடலும் அதற்குள் புகுந்துவிடாமல் ஓரங்களில் மண்கரை எழுப்பியிருக்கிறார்கள். 1894இல் வந்த பெருவெள்ளமும் 1948இல் வந்த வெள்ளமும் இந்தக் கரைகளின் வரலாற்றை எழுதியவை. இரண்டாவதற்குப் பிறகுதான் கரைகள் பெருமளவில் புதிதாகவும் உயரமாகவும் கட்டப்பட்டன. அவற்றின் உச்சியில் பராமரிப்பு வண்டிகள் போவதற்காகச் சரளை கொட்டி இறுக்கிய பாதை ஓடுகிறது. பெரும்பாலான இடங்களில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. கிராவல் பைக், அதாவது சரளைப் பாதைக்கு ஏற்ற அகல டயர் சைக்கிள், வைத்திருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான தரை இந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

குழுவாகப் போக வேண்டும் என்று முடிவானதும் அடுத்து எழும் கேள்வி, எந்தக் கரை என்பது. மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: ரிச்மண்ட், டெல்டா நகராட்சியில் உள்ள பவுண்டரி பே, கிழக்கே பிட் மெடோஸ். மூன்றும் தட்டை, மூன்றும் சரளை, மூன்றிலும் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போகும்போது அப்படி இல்லை.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதையைத் தேர்வு செய்ய வேண்டியது குழுவில் கடைசியாக வருபவரை வைத்துத்தான். மலைப்பாதையில் ஏற்றம் குழுவைப் பிரிக்கும். முன்னே போனவர்கள் உச்சியில் நின்று காத்திருப்பார்கள், பின்னே வருபவருக்கும் அது தெரியும். தட்டையான கரையில் குழுவைப் பிரிப்பது காற்று. அங்கே உச்சி என்று ஒன்று இல்லாததால் காத்திருக்கும் இடமும் இயல்பாக அமைவதில்லை. முன்னே போகிறவர்கள் சிறுகச் சிறுக விலகி, ஒரு கட்டத்தில் புள்ளியாகிவிடுவார்கள். பின்தங்கியவர் எதிர்க்காற்றைத் தனியாக மிதித்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை கூப்பிட்டால் அவர் வரமாட்டார். ஆகவே தூரத்தையும் காட்சியையும் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பவை நான்கு: காற்று எந்தத் திசையில் மோதும், களைத்தவர் எங்கே விலகிக்கொள்ளலாம், கழிப்பறையும் தண்ணீரும் எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை கிடைக்கும், பாதையில் நடப்பவர்கள் எத்தனை பேர்.

ரிச்மண்டிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் போய்ச் சேர்வதற்கு அதுதான் எளிது. 2009இல் ஓடத் தொடங்கிய கனடா லைன் ரயிலில் ஏறி அபர்டீன் நிலையத்தில் இறங்கினால் சில நிமிடங்களில் ஃபிரேசரின் மிடில் ஆர்ம் கிளையை ஒட்டிய பாதைக்கு வந்துவிடலாம். 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் வேகச் சறுக்குப் போட்டிகள் நடந்த ஓவல் அரங்கைக் கடந்து மேற்கே போனால் டெரா நோவா. அங்கிருந்து தெற்கே திரும்புவது வெஸ்ட் டைக் (மேற்குக் கரை) பாதை. ஸ்டீவ்ஸ்டனில் உள்ள கேரி பாயிண்ட் பூங்கா வரை ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடப்புறம் வீடுகள், வலப்புறம் ஸ்டர்ஜன் பேங்க் என்ற சதுப்பு, அதற்கு அப்பால் ஜார்ஜியா நீரிணை. ஸ்டீவ்ஸ்டனிலிருந்து சவுத் டைக் வழியே கிழக்கே போனால் பிரிட்டானியா படகுத் தளத்தையும் லண்டன் பண்ணையையும் தாண்டி ஃபின் ஸ்லூவை அடையலாம். ஃபின்லாந்திலிருந்து வந்த மீனவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிய கழி அது. மரக்கால்கள்மேல் நிற்கும் வீடுகள் கரைக்கு வெளியே, வெள்ளம் ஏறி இறங்கும் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன. திரும்பும்போது ரயில்வே கிரீன்வே. 1958 வரை மின்சார டிராம் ஓடிய தடத்தின் மேல் அமைத்த தார்ப்பாதை. எல்லாம் சேர்த்து 25 கி.மீ. அளவில் ஒரு நல்ல சுற்று.

ரிச்மண்டின் பலம் அதன் வசதிகள். ஓவல், டெரா நோவா, கேரி பாயிண்ட், ஸ்டீவ்ஸ்டன் என்று கழிப்பறையும் தண்ணீரும் அடுத்தடுத்துக் கிடைக்கும். ஸ்டீவ்ஸ்டன் துறையில் மீனவர்கள் படகிலிருந்தே மீன் விற்பார்கள். உட்கார்ந்து சாப்பிட இடங்கள் நிறைய. சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் ஒதுக்கி, 1894இல் கட்டப்பட்ட ஜார்ஜியா வளைகுடா மீன் பதனத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜப்பானின் வாகயாமா பகுதியிலுள்ள மியோ என்ற கிராமத்திலிருந்து வந்த மீனவர்கள் கட்டியெழுப்பிய ஊர் இது. 1942இல் அவர்களுடைய படகுகளையும் வீடுகளையும் பறித்து, அவர்களைக் கடற்கரையிலிருந்தே அரசாங்கம் அப்புறப்படுத்தியது. அது தெரிந்த பிறகு அந்தத் துறையில் நின்று பார்ப்பது வேறாக இருக்கும்.

ஆனால் குழுச் சவாரி என்று பார்த்தால் ரிச்மண்டுக்கு இரண்டு பெரிய குறைகள். முதலாவது கூட்டம். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் நகரத்தின் மாலை நடைபாதை அது. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் குழந்தை வண்டி தள்ளுபவர்கள், நாயோடு வருபவர்கள், கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கும் முதியவர்கள் எல்லோரும் வெஸ்ட் டைக்கில் இருப்பார்கள். அது அவர்களுடைய இடம். பத்து சைக்கிள்கள் வரிசையாக மணியடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போவது இரண்டு தரப்புக்குமே நிம்மதியாக இருக்காது. இரண்டாவது காற்று. வெஸ்ட் டைக் வடக்கு தெற்காக ஓடுகிறது. கோடைப் பிற்பகலில் கடற்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அதாவது போகும்போதும் பக்கக்காற்று, வரும்போதும் பக்கக்காற்று. எதிர்க்காற்றில் ஒருவர் பின் ஒருவர் ஒதுங்கி ஓட்டலாம். பக்கக்காற்றில் ஒதுங்க வேண்டுமானால் சாய்கோட்டில் விரிந்து ஓட்ட வேண்டும், அதற்குக் கரையின் அகலம் போதாது. எனவே வலுவில்லாதவரை யாராலும் காற்றிலிருந்து மறைக்க முடியாது.

கரையை உயர்த்தும் வேலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரிச்மண்ட் நகரம் சராசரிக் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் மேலேதான் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கரை 49 கி.மீ. நீளம். 2100க்குள் கடல் ஒரு மீட்டர் உயரும் என்று வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது மாகாணத்தின் வழிகாட்டல். அதன்படி கரையைத் துண்டு துண்டாக 4.7 மீட்டருக்கு உயர்த்தி வருகிறார்கள், பின்னால் இன்னும் உயர்த்த இடம் விட்டு. மிகத் தேவையான வேலை. ஆனால் அது நடக்கும் மாதங்களில் அந்தத் துண்டு மூடப்பட்டிருக்கும், மாற்றுவழி கார்கள் ஓடும் சாலையில் போகும். குழுவை அழைப்பதற்கு முன் நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

பவுண்டரி பே வேறு உலகம். மேற்கே ட்சாவாசனின் சென்டினியல் பீச்சில் தொடங்கி, பீச் குரோவ் குடியிருப்பை ஒட்டி வடக்கே ஏறி, பிறகு கிழக்கே திரும்பி, சர்ரேயின் மட் பே பூங்கா வரை ஒருவழிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. போய்த் திரும்பினால் 40. பெரும்பகுதி கரை மேலேயே. தெற்கே விரிகுடா, வடக்கே உருளைக்கிழங்கு வயல்களும் கண்ணாடிப் பசுமைக்கூடங்களும் ஒரு சிறு விமான நிலையமும். தென்கிழக்கில் வானம் தெளிந்த நாளில் 3,286 மீட்டர் உயரமுள்ள பேக்கர் மலை பனியோடு நிற்கும். தென்மேற்கில் தெரியும் நிலத்துண்டு பாயிண்ட் ராபர்ட்ஸ். 49ஆம் அட்சக்கோட்டை எல்லையாக வைத்த 1846 உடன்படிக்கையால் கனடாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குச் சொந்தமாகிப்போன முனை.

இந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என் தேர்வு இதுதான். காரணம் காட்சி அன்று. கரையின் அமைப்பு.

டெல்டாவின் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் ஓடுகின்றன. 64ஆம் தெரு, 72ஆம் தெரு, 104ஆம் தெரு, 112ஆம் தெரு ஆகியவை நேராகத் தெற்கே இறங்கிக் கரையில் வந்து முடிகின்றன. எட்டெட்டுத் தெரு எண்ணுக்கு ஒரு மைல் என்பது இங்குள்ள கணக்கு. அதனால் வழியில் ஒருவருக்கு முழங்கால் வலித்தால், சங்கிலி அறுந்தால், அல்லது போதும் என்று தோன்றினால், அவரை நிறுத்தி ஒரு தெருவின் எண்ணைச் சொல்லிக் காரை வரவழைத்துவிடலாம். இது போய்த் திரும்பும் பாதை என்பதும் பெரிய நன்மை. சுற்றுப்பாதையில் பாதி தாண்டிவிட்டால் முழுவதையும் முடித்தே ஆக வேண்டும். இங்கே யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலும் திரும்பிக்கொள்ளலாம். முன்னே போனவர்கள் கடைசி வரை போய்விட்டுத் திரும்பும்போது அவர்களைப் பிடித்துவிடுவார்கள். 15 கி.மீ. ஓட்டுகிறவரும் 40 கி.மீ. ஓட்டுகிறவரும் ஒரே சவாரியில் ஒரே நேரத்தில் முடிப்பதற்கு இந்தப் பகுதியில் இதைப்போல் வசதியான பாதை வேறு எனக்குத் தெரியாது.

அடுத்தது காற்று. கரையின் நீண்ட பகுதி கிழக்கு மேற்காக ஓடுவதால், மேற்குக் காற்று அடிக்கும்போது ஒரு பக்கம் எதிர்க்காற்று, மறு பக்கம் பின்காற்று. எதிர்க்காற்றில் வலுவானவர்கள் முன்னே போய் மற்றவர்களுக்கு மறைப்பாக இருக்கலாம். இங்கே தொடங்கும் முனையைச் சரியாகத் தேர்வதுதான் சவாரியின் பாதி. கோடைக் காலையில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். பிற்பகலில் கடற்காற்று எழும். ஆகவே கிழக்கே மட் பேயில் காலையில் தொடங்குங்கள். அமைதியில் மேற்கே ஓட்டி, சென்டினியல் பீச்சில் சாப்பிட்டுவிட்டு, பின்காற்றோடு வீடு திரும்பலாம். பலரும் சென்டினியல் பீச்சில் தொடங்குகிறார்கள், அங்கே வண்டி நிறுத்த இடமும் கடையும் கழிப்பறையும் இருக்கின்றன என்பதற்காக. அப்படித் தொடங்கினால் களைத்த கால்களோடு, வெயில் ஏறிய பிறகு, இருபது கிலோமீட்டர் காற்றுக்கு எதிரே மிதிக்க வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் இது தலைகீழ். அப்போது காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். எதிர்க்காற்றை முதலில் வாங்கிக்கொள்ளும்படி மேற்கு முனையில் தொடங்குவது மேல்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க நான் விரும்பவில்லை. நிழல் என்பதே இல்லை. ஜூலை நண்பகலில் கரையின்மேல் ஒதுங்க ஒரு மரம் கிடைக்காது. குடிநீர் சென்டினியல் பீச்சில் கிடைக்கும், நடுவில் எதையும் நம்பிப் போக வேண்டாம். ஆளுக்கு இரண்டு புட்டித் தண்ணீர் கட்டாயம். கழிப்பறைகளும் நுழைவிடங்கள் சிலவற்றில்தான், அதுவும் எளிய வகை. மறைவான புதர்கூட இல்லாத கரை இது. குழுவில் இருக்கும் பெண்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி, எந்தெந்த இடத்தில் நிற்போம் என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். சொல்லாமல் கூட்டிப்போவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். 104ஆம் தெருவின் முனையில் புல்தரை ஓடுபாதையுள்ள டெல்டா ஹெரிடேஜ் ஏர் பார்க் இருக்கிறது. அங்குள்ள சிற்றுண்டிக் கடை திறந்திருந்தால் அது நல்ல இடைநிறுத்தம். நேரத்தைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். மட் பே முனையில் 99ஆம் நெடுஞ்சாலையின் இரைச்சலும் கூடவே வரும்.

பறவைகளைப் பார்க்கிறவர் ஒருவர் குழுவில் இருந்தாலும் பவுண்டரி பேயின் மதிப்பு பல மடங்காகிவிடும். பசிபிக் கரையோரமாக வலசை போகும் பறவைகளுக்கு இந்த விரிகுடா பெரிய இளைப்பாறும் இடம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் மேற்கத்திய உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். சேற்றின் மேல் படியும் மெல்லிய உயிர்ப்படலத்தை அவை நக்கி உண்கின்றன. அலாஸ்கா வரை பறக்க அதுதான் எரிபொருள். குளிர்காலத்தில் வயல்களுக்கு மேலே பூனைப்பருந்துகள் தாழப் பறக்கும், வெண்தலைக் கழுகுகள் கம்பங்களில் உட்கார்ந்திருக்கும். 2011-12 குளிர்காலத்தில் ஆர்க்டிக்கிலிருந்து பனி ஆந்தைகள் 72ஆம் தெரு முனைக்கு ஏராளமாக வந்தன. படம் எடுக்க வந்தவர்கள் சதுப்புக்குள் இறங்கிப் புல்லை மிதித்ததும், உறங்கிக்கொண்டிருந்த பறவைகளைக் கலைத்ததும் அன்று பெரிய மனவருத்தத்தை உண்டாக்கின. கரையை விட்டுக் கீழே சைக்கிளோ காலோ இறங்கக் கூடாது என்பதைக் குழுவில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் அறிவிக்கப்பட்டு, 2012இல் விரிவாக்கப்பட்ட ஃபிரேசர் கழிமுக ராம்சார் பகுதிக்குள் இந்த விரிகுடாவும் அடங்கும்.

ஓத அட்டவணையையும் பார்க்க வேண்டும். இங்கே கடல் வற்றினால் தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கிவிடும். எஞ்சுவது கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. அதுவும் அழகுதான், ஆனால் பறவைகள் எல்லாம் தொலைவில் புள்ளிகளாக இருக்கும். ஓதம் ஏறும்போது அவை தண்ணீருக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து கரையோரம் வந்துசேரும். ஓதம் உச்சிக்கு வரும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்னதாக விரிகுடாவின் நடுப்பகுதியில் இருக்கும்படி கணக்கிட்டால், சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்ற இடத்திலேயே பார்க்கலாம். காற்றின் நேரமும் ஓதத்தின் நேரமும் எல்லா நாளும் ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் புதியவர்கள் இருக்கும் குழுவில் நான் காற்றையே பார்ப்பேன்.

கரையின் எதிர்காலம் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கடல் உயர உயர, கரைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள உப்புச் சதுப்பு நெருக்கப்பட்டு அழிந்துவிடும். கரை நகராது, கடல் நகரும். சதுப்பு அழிந்தால் அலையின் வேகத்தைத் தணிக்க எதுவும் மிஞ்சாது. அதனால் சர்ரே, டெல்டா நகராட்சிகளும் செமியாமூ முதற்குடியினரும் சேர்ந்து, சதுப்பின் மேல் மண்ணைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அதையும் உயர்த்தும் ‘உயிருள்ள கரை’ முயற்சியை இந்த விரிகுடாவில் தொடங்கியிருக்கிறார்கள். நாம் ஓட்டும் பாதை ஒரு பூங்காவுக்காகப் போட்டதன்று, ஆயிரக்கணக்கானவர்களின் வீட்டையும் வயலையும் காப்பது என்ற எண்ணம் இருந்தால் அதன்மேல் ஓட்டும் முறையும் மாறும். மழை பெய்து ஊறிய நாளில் கரைச் சரிவில் சைக்கிளை இறக்கி விளையாடுவது, சக்கரத் தடம் பதிப்பது எல்லாம் கரையைப் பராமரிப்பவர்களின் வேலையைக் கூட்டுவதுதான்.

மூன்றாவது, பிட் மெடோஸ். இது கடற்கரை அன்று, ஆற்றங்கரை. ஆனாலும் கடல் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. பிட் ஏரி ஓதத்தால் ஏறி இறங்கும் ஏரி. ஓதம் ஏறும்போது பிட் ஆறு பின்னோக்கி ஓடி வண்டலை ஏரிக்குள் கொண்டுபோகும். அதனால் ஏரியின் தென்முனையில், ஆறு வெளியேறும் இடத்தில், தலைகீழாக ஒரு கழிமுகம் உருவாகியிருக்கிறது. 1950களில் டச்சுக்காரர்கள் முதலீடு செய்து சதுப்பை வடித்து விளைநிலமாக்கிய பிட் போல்டர் இங்கேதான். குருதிநெல்லி, நீலநெல்லி வயல்கள், சாண்ட்ஹில் கொக்குகள், வடக்கே கோல்டன் இயர்ஸ் சிகரங்கள். மூன்றில் மிக அழகானது எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். மலைகள் இவ்வளவு பக்கத்தில் நிற்க, ஒரு மீட்டர்கூட ஏறாமல் ஓட்டும் சுகம் வேறெங்கும் இல்லை. காற்றும் இங்கே சற்றுத் தணிவு.

ஆயினும் புதியவர்கள் கலந்த குழுவுக்கு இதை நான் முதலில் சொல்லமாட்டேன். சரளை பல இடங்களில் பெரியது, தளர்வானது. 32 மி.மீ. டயரோடு வருகிறவர் பின்சக்கரம் வழுக்க வழுக்கச் சிரமப்படுவார். 40 மி.மீ. இருந்தால்தான் நிம்மதி. கரைகள் கழிகளை ஒட்டிப் பல கிளைகளாகப் பிரிவதால், வழி தெரியாதவர் பின்தங்கினால் வேறு கரையில் போய்விடக்கூடும். நீருக்கு அந்தப் பக்கம் குழு போவது தெரியும், சேர வழி இருக்காது. வடக்கே போகப் போகக் கைபேசி இணைப்பும் ஆள் நடமாட்டமும் குறையும். கருங்கரடிகள் உலவும் பகுதி என்பதால் தனியாக ஒருவரை விட்டுவிட்டுப் போவதும் சரியில்லை. வந்துசேர்வதும் எளிதன்று. வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் ரயில் வேலை நாள்களில் அலுவலக நேரத்துக்கு மட்டும் ஓடுகிறது. வார இறுதியில் கொக்விட்லாம் சென்ட்ரல் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பிட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஓட்டி வர வேண்டும். ஒரே வேகத்தில் ஓட்டக்கூடிய ஐந்தாறு பேர், எல்லோருக்கும் அகலமான டயர், ஒருவருக்காவது வழி நன்றாகத் தெரியும் என்றால் மட்டும் பிட் மெடோஸ். அப்படிப்பட்ட குழுவுக்கு மற்ற இரண்டையும்விட இது மேல். 20 கி.மீ.யாகவும் 50 கி.மீ.யாகவும் சுற்றை அமைத்துக்கொள்ளலாம். முடிவில் ஃபிரேசர் கரையிலுள்ள ஆஸ்ப்ரே வில்லேஜில் காபி.

இன்னும் இரண்டு இடங்களைச் சிலர் முன்வைப்பார்கள். ஐயோனா கடல்சுவர் நான்கு கிலோமீட்டர் நேராகக் கடலுக்குள் நீள்கிறது. கழிவுநீர்க் குழாயைத் தாங்குவதற்காகக் கட்டியது. காற்றில் அங்கே போவது வலுவானவர்களுக்கே சோதனை, ஒரு குழுவுக்கு முழுச் சவாரி ஆகாது. லாட்னருக்கு மேற்கேயுள்ள பிரன்ஸ்விக் பாயிண்ட் அருமையான கரை, ஆனால் குட்டையானது. ரஷ்யாவின் ராங்கல் தீவிலிருந்து வரும் பனிவாத்துகள் இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கத்து வயல்களை வெள்ளையாக்கும்போது மட்டும் அதற்காகவே போகலாம்.

ரிச்மண்டையும் பவுண்டரி பேயையும் ஒரே நாளில் இணைத்துவிட்டால் என்ன என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வரைபடத்தில் நடுவே ஓர் ஆறுதான். அந்த ஆற்றைக் கடக்கும் 1959ஆம் ஆண்டு மாஸி சுரங்கப்பாதையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் இலவச வண்டிச் சேவை உண்டு, ஆனால் அதில் இடம் அளவானது, நேரமும் அதன் நேரம். பஸ்ஸின் முன்புறச் சட்டத்தில் இரண்டு சைக்கிள்கள்தாம் நிற்கும். இருவர் மூவர் என்றால் சமாளிக்கலாம். பத்துப் பேரை மூன்று நான்கு தடவையாகக் கடத்துவதில் அரைநாள் போய்விடும். இப்போது கட்டப்பட்டுவரும் புதிய சுரங்கத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனி வழி அமையவிருக்கிறது. அது திறக்கும் வரை இரண்டையும் இரண்டு தனிச் சவாரிகளாக வைத்துக்கொள்வதே நல்லது.

இதே கணக்கு ரயிலுக்கும் பொருந்தும். கனடா லைன் ரயிலுக்கு இரண்டே பெட்டிகள், சில சைக்கிள்களுக்குத்தான் இடம். கார் இல்லாதவர்கள் குழுவில் அதிகம் என்றால் ரிச்மண்ட் தானாகவே முன்னுக்கு வந்துவிடும். பவுண்டரி பேயின் இரு முனைகளுக்கும் பத்துச் சைக்கிளோடு பொதுப் போக்குவரத்தில் போவது நடைமுறைக்கு ஒத்துவராது. அப்படியொரு குழுவுக்கு நான் சொல்வது இது: ரிச்மண்டுக்கே போங்கள், ஆனால் சனி ஞாயிறுகளில் காலை ஏழரைக்கு முன் தொடங்குங்கள், இரண்டிரண்டு பேராக வெவ்வேறு ரயிலில் வாருங்கள், வெஸ்ட் டைக்கை முதலில் முடித்துவிட்டு ஸ்டீவ்ஸ்டனில் காலை உணவு சாப்பிடுங்கள். கூட்டம் கூடும் நேரத்துக்கு நீங்கள் ஃபின் ஸ்லூவுக்குப் போய்விட்டிருப்பீர்கள்.

எந்தக் கரையானாலும் முள் ஒரே முள்தான். கரையோரமெங்கும் ஹிமாலயன் பிளாக்பெர்ரி என்ற வந்தேறிச் செடி அடர்ந்திருக்கிறது. அதை வெட்டிச் சீர்செய்யும் வாரங்களில் முள்துண்டுகள் சரளையில் கலந்து கிடக்கும். டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றியவர்கள் கவலையின்றிப் போகலாம். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு மாற்று டியூப் வைத்துக்கொள்ளட்டும், பம்பு மூவருக்கு ஒன்றாவது இருக்கட்டும். ரிச்மண்டுக்கும் பவுண்டரி பேக்கும் 35 மி.மீ. டயர் தாராளம், சாதாரண ஹைப்ரிட் சைக்கிளே போதும். மழைக்கு மறுநாள் பாதையில் குழிகளில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. முன்னவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டுவதைச் சரளையில் தவிர்க்க வேண்டும். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டாலும் காற்றிலிருந்து ஓரளவு மறைப்புக் கிடைக்கும்.

பத்துப் பேர் என்றால் ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வழி தெரிந்த ஒருவரை முன்னும், பொறுமையுள்ள ஒருவரைப் பின்னும் வையுங்கள். பின்னவர் வலுவான ஓட்டுநராக இருக்க வேண்டும். கடைசியாக வருபவருக்கு முன்னே போய்க் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அவர்தான். பவுண்டரி பேயில் குதிரையில் வருபவர்களும் உண்டு. அவர்களைக் கண்டால் மணியடிக்காமல் வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, அவர்கள் சைகை காட்டிய பிறகே கடக்க வேண்டும். மட் பேயில் தொடங்கும் குழுவுக்குக் கூடும் இடங்களாக 112, 104, 72, 64 ஆகிய தெரு முனைகளைக் குறித்துக் கொடுத்துவிட்டால் போதும். 104இல் முதல் இடைவேளை, 72இல் இரண்டாவது. திரும்ப விரும்புகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றில் சொல்லிவிட்டுத் திரும்பலாம். அவர்களோடு ஒருவர் துணைக்குப் போக வேண்டும், அது யார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.